பல் மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டு: கடன் பணத்தில் குடும்பம் நடத்துவது எப்படி?

அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த வீட்டில் எல்லோர் கண்ணும் முதலில் போவது கல்விக் கட்டணத்தின் மேல்தான். அந்தத் தொகை மலைப்பைத் தரும் என்பது உண்மை. ஆனால் அது கடனிலிருந்து நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும். மாணவரின் கையில் படவே படாது. வாடகையும் சாப்பாடும் பெட்ரோலும் மருத்துவக் காப்பீடும் அப்படியில்லை. மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும். பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் இந்தப் படிப்பில் பலிப்பது அரிது. முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பும் ஆய்வகமும், அடுத்த இரண்டு ஆண்டுகள் கிளினிக்கும் பகல் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான மாணவர்களுக்குச் சோறும் கூரையும் கடனிலிருந்துதான் வர வேண்டும்.

கடன் வாங்கிப் படித்த பல் மருத்துவப் பட்டதாரிகளின் சராசரிக் கல்விக் கடன் ஏறக்குறைய மூன்று லட்சம் டாலர். அதில் கட்டணத்தைக் குறைக்க, சேர்ந்த பிறகு நம்மால் ஆவது மிகக் கொஞ்சம். வாழ்க்கைச் செலவில் மட்டும்தான் கடிவாளம் நம் கையில் இருக்கிறது.

மாறிவிட்ட விதி

அண்ணனோ அக்காவோ சில ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் அவர்கள் சொல்லும் யோசனை இப்போது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முன்பு மத்திய அரசின் கிராட் பிளஸ் கடன் இருந்தது. கல்லூரி போட்டுக் கொடுக்கும் மொத்தச் செலவு மதிப்பீடு எவ்வளவோ அவ்வளவுவரை அரசிடமே கடன் பெறலாம். வாழ்க்கைச் செலவும் அதிலேயே அடங்கிவிடும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்தக் கதவை மூடிவிட்டது.

புதிய விதிப்படி பல் மருத்துவம் தொழில்முறைப் படிப்பு என்ற வகையில் வருகிறது. ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தமாக 2,00,000 டாலர். இதுதான் அரசுக் கடனின் எல்லை. இளநிலைப் படிப்பில் வாங்கியதையும் சேர்த்து வாழ்நாள் வரம்பு 2,57,500 டாலர். பல் மருத்துவத்துக்கு முன் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள முதுநிலைப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு வருபவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே வாங்கிய அரசுக் கடன் இந்த இரண்டு லட்சத்தில் கழியும். 2026 ஜூன் 30-க்குள் ஒரு படிப்பில் சேர்ந்து, அதற்காக அரசுக் கடனும் பெற்றுவிட்டவர்கள், அதே படிப்பில் மீதமிருக்கும் காலத்துக்கு அல்லது மூன்று கல்வியாண்டுகளுக்கு, இவற்றில் எது குறைவோ அதுவரை பழைய முறையிலேயே தொடரலாம்.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்ப்போம். கட்டணம், கருவிகள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 70,000 டாலர் என்றும், உங்கள் மாதச் செலவு 2,400 டாலர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 28,800. ஆக மொத்தம் 98,800. அரசு தருவது 50,000. மீதி 48,800 டாலருக்கு வேறு வழி தேட வேண்டும். அந்த மீதியில் உங்கள் வாழ்க்கைச் செலவு முழுவதும் அடங்கியிருக்கிறது. மாதச் செலவை 1,900 ஆக இறக்க முடிந்தால் ஆண்டுக்கு 6,000 டாலர், நான்கு ஆண்டில் 24,000 டாலர் குறைகிறது. குறைவது அத்தனையும் தனியார் கடனிலிருந்து.

அதனால்தான் சொல்கிறேன்: கட்டணத்தைப் போட்டுவிட்டு மிச்சத்தில் வாழலாம் என்று தொடங்காதீர்கள். வாழ்க்கைச் செலவிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: உங்கள் மாதச் செலவை நீங்களே போடுங்கள்

கல்லூரியின் மதிப்பீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பார்த்துவிட்டால் மனம் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளும். வாடகை, மின்சாரம், இணையம், கைபேசி, மளிகை, போக்குவரத்து, காப்பீடு, மருந்து, துணி, ஊருக்குப் போய்வரும் செலவு என்று எழுதுங்கள். வாடகையை அந்த ஊரில் இப்போது காலியாக இருக்கும் வீடுகளைத் தேடிப் பார்த்து எழுதுங்கள். அதைவிட நல்ல வழி, அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம், “நீங்கள் மாதம் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறீர்கள்?” என்று கேட்பது. தயங்காமல் கேளுங்கள், பெரும்பாலோர் மனம் திறந்து சொல்வார்கள்.

பலரும் விட்டுவிடும் சில செலவுகள் உண்டு. லூப்ஸ் எனப்படும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அதன் விளக்கும் ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். சில கல்லூரிகளில் கருவிக் கட்டணத்தில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் சேர்ந்திருக்காது. டைபோடான்ட் எனப்படும் தாடை மாதிரியில் பொருத்திப் பழகும் பிளாஸ்டிக் பற்கள் கொடுத்த அளவு போதாது. தேர்வு நெருங்கும்போது கைக்காசு போட்டு வாங்குவீர்கள். ஸ்க்ரப்ஸ் உடைகள், வெளியே இருக்கும் சமூக கிளினிக்குகளுக்குச் சுழற்சி முறையில் போகும்போது ஆகும் போக்குவரத்து, தேசிய வாரியத் தேர்வுக் கட்டணம், பிறகு உரிமத் தேர்வுக் கட்டணம் என்று அந்தப் பட்டியல் நீளும்.

எந்தக் கல்லூரி என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், உங்கள் வாழ்க்கைச் செலவு குறித்த மிகப் பெரிய முடிவு அதுதான். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது கட்டணத்தோடு பன்னிரண்டு மாத வாழ்க்கைச் செலவையும் கூட்டி, நான்கால் பெருக்கி, அந்த இரண்டு மொத்தத் தொகைகளையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். வாடகை மலிவான ஊரில் இருக்கும் உங்கள் சொந்த மாநிலக் கல்லூரிக்கும் பெருநகரத் தனியார் கல்லூரிக்கும் இடையே லட்சம் டாலரைத் தாண்டிய வேறுபாடு வரலாம். உரிமம் பெற்ற பிறகு இரண்டு பட்டங்களும் ஒரே வேலையைத்தான் செய்யும். வெளிமாநில மாணவர் ஓராண்டுக்குப் பின் உள்மாநிலக் கட்டணத்துக்கு மாற முடியுமா என்பதையும் சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். சில மாநிலங்களில் முடியும், சிலவற்றில் முடியாது.

கல்லூரியின் மதிப்பீடு என்பது உச்சவரம்பு

ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ் என்ற மதிப்பீட்டை வெளியிடும். கட்டணம், புத்தகம், கருவி, தங்குமிடம், உணவு, போக்குவரத்து, கடன் தரும்போதே பிடித்துக்கொள்ளும் கழிவுக் கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். உதவித்தொகை, அரசுக் கடன், கல்லூரி வழியே சான்றளிக்கப்படும் தனியார் கடன் எல்லாம் சேர்ந்து இந்தத் தொகையைத் தாண்ட முடியாது. தாண்டக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அவ்வளவையும் வாங்கியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உங்கள் கணக்கு மதிப்பீட்டைவிடக் குறைவாக வந்தால் குறைவாகவே வாங்குங்கள். கடனை ஏற்கும்போது முழுத் தொகைக்குப் பதிலாகக் குறைந்த தொகையை நீங்களே குறிப்பிடலாம்.

மதிப்பீடு மாணவர் ஒருவருக்கானது. கணவன் அல்லது மனைவியின் சாப்பாட்டுச் செலவு அதில் சேராது. கார் வாங்கும் விலை, பழைய கிரெடிட் கார்டு கடன் இவையும் சேரா. குழந்தைப் பராமரிப்புச் செலவு, எதிர்பாராத மருத்துவச் செலவு, கார் பழுது, உரிமத் தேர்வுச் செலவு போன்றவற்றுக்கு ரசீது காட்டினால் நிதி உதவி அலுவலகம் உங்கள் மதிப்பீட்டை உயர்த்தித் தர வாய்ப்பு உண்டு. யாரும் தானாக முன்வந்து சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: மதிப்பீடு கல்லூரி நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே. முதலாண்டு பத்து மாதம் என்றால் அந்தக் கோடையின் இரண்டு மாத வாடகை யாருடைய கணக்கிலும் இல்லை.

எந்த வரிசையில் பணம் தேடுவது

திருப்பித் தர வேண்டாத பணம் முதலில். கல்லூரி உதவித்தொகை, மாநில நிதி, பல் மருத்துவ அமைப்புகளின் உதவி ஆகியவற்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் மறுபடி விண்ணப்பியுங்கள். முதலாண்டில் இல்லை என்றவர்கள் மூன்றாம் ஆண்டில் தருவதுண்டு.

அடுத்து, சேவைக்கு ஈடாக வரும் உதவி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் நடத்தும் சுகாதாரத் தொழில் உதவித்தொகைத் திட்டம் முழுக் கட்டணத்தையும் ஏற்று, மாதம் 2,000 டாலருக்கு மேல் வாழ்க்கைப் படியும் தருகிறது. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஈடாகப் படையில் பல் மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே இது திறந்திருக்கிறது. நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் திட்டமும் இதே போலக் கட்டணமும் மாதப்படியும் தந்து, மருத்துவ வசதி குறைந்த பகுதியில் பணியாற்றச் சொல்கிறது. வாழ்க்கைச் செலவுப் பிரச்சினையை அடியோடு தீர்ப்பவை இந்த இரண்டுதான். இருந்தாலும் பணத்துக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எங்கே அனுப்பினாலும் போக மனம் ஒப்புமா என்று முதலில் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், மணமானவர் என்றால் வீட்டிலும் கேளுங்கள்.

மூன்றாவது, கல்லூரி வழியே வரும் ஹெல்த் ப்ரொஃபஷன்ஸ் மாணவர் கடன். வட்டி 5 சதவீதம், படிக்கும் காலத்தில் வட்டியே ஏறாது. இதைவிட நல்ல கடன் இந்தப் படிப்பில் கிடைப்பது கடினம். தேவையின் அடிப்படையில் தருவதால், நீங்கள் எந்த வயதினர் என்றாலும் பெற்றோரின் வருமான விவரத்தையும் பல கல்லூரிகள் கேட்கும். “நான் தனி ஆள், அப்பா அம்மா விவரம் எதற்கு?” என்று அந்தப் பகுதியைக் காலியாக விட்டு வாய்ப்பை இழப்பவர்கள் ஏராளம். நிரப்புங்கள்.

அதன் பிறகு அரசின் அன்சப்சிடைஸ்டு கடன், அதாவது படிக்கும்போதே வட்டி ஏறும் கடன். எல்லாம் தீர்ந்த பிறகே தனியார் கடன். தனியார் கடனை வட்டி விகிதத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிலையான வட்டியா மாறும் வட்டியா, படிக்கும்போது தவணை கட்ட வேண்டுமா, பட்டத்துக்குப் பின் பெறும் ரெசிடென்சி பயிற்சிக் காலத்தில் ஒத்திவைக்கலாமா, மாணவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ கடன் ரத்தாகுமா, இணைக் கையொப்பம் இட்டவரை எப்போது விடுவிப்பார்கள் ஆகிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கடன் ஒப்புதலானதும் அந்த நிபந்தனைகளை ஏற்க 30 நாள் அவகாசம் சட்டப்படி உண்டு. அதற்குள் மற்ற இடங்களோடு ஒப்பிடலாம். சித்தப்பாவிடமோ மாமாவிடமோ கையெழுத்துக் கேட்பதாக இருந்தால், நீங்கள் தவணை தவறினால் அவருடைய கடன் வரலாறும் கெடும், அவர் வீட்டுக் கடன் வாங்க நினைத்தால் இந்தத் தொகை அவர் பெயரிலும் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறவு கெடாமல் இருக்க அதுதான் வழி.

விண்ணப்பம்

அரசின் மாணவர் நிதி உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று, அடுத்த கல்வியாண்டுக்காகத் திறக்கும். இடம் உறுதியாகும்வரை காத்திருக்காமல், விண்ணப்பித்த கல்லூரிகளை எல்லாம் அதில் சேர்த்து அனுப்பிவிடுங்கள். முதன்முறை கடன் வாங்குபவர் நுழைவு ஆலோசனைப் பகுதியை இணையத்தில் முடித்து, மாஸ்டர் ப்ராமிசரி நோட் எனப்படும் கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் பணம் வராது. தனியார் கடனுக்குக் கல்லூரியின் சான்று வர வாரக்கணக்கில் ஆகும். ஆகஸ்டில் பணம் வேண்டுமென்றால் மே, ஜூனிலேயே தொடங்குங்கள்.

பணம் வரும் நாளும் வராத மாதங்களும்

அரசுக் கடன், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நாளுக்கு முன்னால் வராது. முதலில் கல்லூரி தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும். கணக்கில் மீதி நின்றால் 14 நாளுக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வங்கிக் கணக்கு விவரத்தை முன்பே கொடுத்துவிட்டால் காசோலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். இடத்தை உறுதிசெய்யும் முன்பணம் மாதங்களுக்கு முன்பே கட்டியாகிவிட்டது. ஜூலையில் வீடு மாற வேண்டும். வீட்டுக்காரருக்கு அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் தர வேண்டும். கட்டில், மேசை வாங்க வேண்டும். கடன் பணம் வருவதோ ஆகஸ்ட் கடைசியில். நான்கு ஆண்டுகளில் மாணவர்கள் கிரெடிட் கார்டில் அதிகமாகச் சிக்குவது இந்த இடைவெளியில்தான். சேருவதற்கு முந்தைய ஆண்டில் சம்பாதிக்க வழி இருந்தால் மூன்று மாதச் செலவை ஒதுக்கி வைப்பது பின்னால் எத்தனையோ இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றும். அதற்கும் வழியில்லை என்றால் குடும்பத்தில் வட்டியில்லாமல் வாங்கி, ஆகஸ்டில் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு வருமானச் சான்று கேட்பார்கள். கல்லூரியின் நிதி உதவிக் கடிதத்தைக் காட்டினால் பல இடங்களில் ஏற்பார்கள்.

பணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று தவணையில் மொத்தமாக வரும். பத்தாயிரம் டாலரை ஒரே நாளில் கணக்கில் பார்க்கும் இருபத்து மூன்று வயதுக்காரருக்குக் கை நீளும், அது இயல்பு. வந்த அன்றே முழுவதையும் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அடுத்த தவணை வரும் நாள்வரை எத்தனை மாதம் என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டி, அந்த எண்ணால் வகுத்து, ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவ்வளவு மட்டும் செலவுக் கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். கூட்டிய அந்த ஒரு மாதம், தவணை தாமதமானாலும் கோடை விடுமுறை நீண்டாலும் கைகொடுக்கும்.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

வாடகையைப் பகிர்ந்துகொள்வதைவிடப் பெரிய சேமிப்பு வேறெதிலும் இல்லை. வகுப்புத் தோழர் இருவரோடு மூன்று படுக்கையறை வீடு எடுப்பது காபியைக் குறைப்பதைவிடப் பத்து மடங்கு மிச்சப்படுத்தும். கிளினிக்குக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு சற்றே விலை கூடுதல் என்றாலும், காரின் தவணை, காப்பீடு, பார்க்கிங் எல்லாம் இல்லாமல் போவதைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் பெரிய தொகை ஒளிந்திருக்கிறது. 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். அப்படி இருந்தால் கல்லூரிக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டு, குறித்த தேதிக்குள் படிவம் தர வேண்டும். மறந்தால் அந்தப் பிரீமியம் உங்கள் கட்டணத்தில் ஏறிவிடும். கடன் பணம் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே வேறு வருமானமில்லாத மாணவர்கள் பல மாநிலங்களில், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்குத் தகுதி பெறலாம். அது உங்கள் மாநிலத்தையும் குடியேற்ற நிலையையும் பொறுத்தது. சரியான சாப்பாட்டிலும், நல்ல நாற்காலியிலும், உங்கள் கழுத்துக்குப் பொருந்தும் லூப்ஸிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தத் தொழிலின் முதலீடு உங்கள் முதுகும் கையும்.

ஒவ்வொரு டாலரின் உண்மையான விலையும் தெரிந்திருப்பது நல்லது. 2025-26-இல் அரசின் அன்சப்சிடைஸ்டு கடனின் வட்டி 7.94 சதவீதம். பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஏறும். முதலாண்டில் வாங்கிய 1,000 டாலர், பட்டமளிப்பும் அதன் பின் ஆறு மாத அவகாசமும் முடியும்போது ஏறக்குறைய 1,340 ஆகியிருக்கும். புதிய விதியில் லட்சம் டாலருக்கு மேல் கடன் உள்ளவர்களின் சாதாரணத் தவணைத் திட்டம் 25 ஆண்டு. அதன்படியே கட்டி முடித்தால் அந்த ஆயிரம் டாலருக்கு மொத்தம் சுமார் 3,000 டாலர் கொடுத்திருப்பீர்கள். தேவைக்கு மேல் வாங்கிவிட்டோம் என்று தெரிந்தால் 120 நாளுக்குள் அதிகப்படியைத் திருப்பிவிடுங்கள். அந்தத் தொகைக்கான வட்டியும் கழிவுக் கட்டணமும் ரத்தாகும்.

இந்தியாவில் பி.டி.எஸ். முடித்து வருபவர்களுக்கு

வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான இரண்டு, மூன்று ஆண்டுப் படிப்புகளில் சேரும் நம்மவர்கள் இன்று நிறைய. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவிலோ, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்களுக்கு மேலே சொன்ன அரசுக் கடன் எதுவும் கிடையாது. கிரீன் கார்டு இருந்தால் கிடைக்கும். தனியார் கடனுக்குப் பெரும்பாலும் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இணைக் கையொப்பமிட வேண்டும். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தைப் பெறும்போதே முதலாண்டுக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஊரில் வங்கிக் கடன் எடுப்பவர்கள் இன்றைய டாலர் விலையில் கடைசி ஆண்டுச் செலவைக் கணக்கிட வேண்டாம். ரூபாய் சரிந்தால் அதே வாடகைக்கு அதிக ரூபாய் தேவைப்படும்; கடன் தொகையில் அதற்கு இடம் விட்டு ஒப்புதல் வாங்குங்கள். எஃப்-1 மாணவர் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது. இந்தப் படிப்பின் நேரத்தில் அந்த இருபது மணியே எட்டாது.

கடைசி ஆண்டு

நான்காம் ஆண்டில் உரிமத் தேர்வு, மாநில உரிம விண்ணப்பம், நேர்காணல் பயணம், வீடு மாற்றம் எல்லாம் ஒன்றாக வரும். முதல் சம்பளம் வர, பட்டம் பெற்ற பின் இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம். அந்தக் காலத்துக்கு எந்தக் கடனும் வராது. நான்காம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே இதற்கென்று மாதம் ஒரு தொகையை எடுத்து வையுங்கள்.

ஏதோ காரணத்தால் ஓராண்டைத் திரும்பப் படிக்க நேர்ந்தாலும், சிறப்புத் துறைக்குப் போக நினைத்தாலும், இரண்டு லட்சம் வரம்பு என்பது நான்கு முழு ஆண்டுக்கு மட்டுமே போதுமானது என்பதை நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள். பொதுப் பல் மருத்துவ ரெசிடென்சிகள் பெரும்பாலும் உதவித்தொகை தரும். பல் சீரமைப்பு போன்ற துறைகளில் பல இடங்கள் மீண்டும் கட்டணம் கேட்கும். அப்போது அரசுக் கடனில் மிச்சம் இருக்காது. சிறப்புத் துறை ஆசை உள்ளவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே ஒவ்வொரு ரெசிடென்சியும் சம்பளம் தருமா, கட்டணம் வாங்குமா, அந்த ஊரில் வாடகை எவ்வளவு என்று விசாரித்து, விண்ணப்பிக்கும் இடங்களின் பட்டியலை அதை வைத்தே போடுங்கள்.